எம்ஜிஆர் பாட்டு, சிவாஜி பாட்டு, எம்.எஸ்.வி. பாட்டு

வணக்கம் மக்களே. 2015 ஜூலை 14, இசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன், நம் எம்.எஸ்.வி., சென்னையில் காலமான நாள். 87 வயது. ஒவ்வொரு ஜூலையிலும் அவருடைய பாட்டுகளாகவே டிவியில் போடுகிறார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது கொஞ்சம் வேறு.

நம் வீடுகளில் பழைய பாட்டு ஒன்று ஓடினால் என்ன சொல்வோம்? 'இது எம்ஜிஆர் பாட்டு', 'இது சிவாஜி பாட்டு'. கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால் 'கண்ணதாசன் பாட்டு', 'டிஎம்எஸ் பாட்டு' என்பார். மெட்டுப் போட்டவர் பெயர் கடைசியில்தான் வரும், பல சமயம் வரவே வராது. எம்.எஸ்.வி.க்கு இது முதல் நாளிலிருந்தே இப்படித்தான் நடந்திருக்கிறது.

பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், தாத்தா வீட்டில் வளர்ச்சி, கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் பாட்டுப் படிப்பு, அப்புறம் சினிமா ஆசையில் ஜூபிடர் பிக்சர்ஸ் படக் கம்பெனியில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். கோவையில் அங்கே இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு. நாயுடு ஒரு மெட்டுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, யாரும் இல்லாத நேரத்தில் இந்தப் பையன் ஆர்மோனியத்தை எடுத்து வாசித்துப் பார்த்திருக்கிறான். நாயுடு காதில் விழுந்துவிட்டது. 1948-இல் வந்த 'அபிமன்யு' படத்தில் அந்த மெட்டு இருக்கிறது, நாயுடு பெயரில். பையன் போட்டது என்று வெளியில் தெரிந்தால் மெட்டையே மதிக்க மாட்டார்கள் என்று நாயுடு வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஜூபிடர் கம்பெனி கோவையை விட்டுச் சென்னைக்குப் போகும்போது, 'அந்த மெட்டெல்லாம் இவன் போட்டதுதான், இவனைக் கைவிட்டுவிடாதீர்கள்' என்று முதலாளியிடம் உண்மையைச் சொன்னவரும் அதே நாயுடுதான். பிற்காலத்தில் நாயுடுவைத் தன் வீட்டிலேயே வைத்துக் கவனித்துக்கொண்டார் எம்.எஸ்.வி. இந்தக் கதையை எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1952-இல் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் திடீரென்று இறந்துபோக, அவர் பாதியில் விட்ட படங்களை முடித்துக் கொடுத்தவர்கள் அவர் குழுவிலிருந்த இருவர், ஆர்மோனியம் விஸ்வநாதனும் வயலின் ராமமூர்த்தியும். அதே வருடம் 'பணம்' படத்தில் இரட்டையராக வந்தார்கள், 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை சேர்ந்தே இருந்தார்கள். நடுவில் அவர்கள் கொடுத்ததைப் பட்டியல் போட்டால் விடிந்துவிடும், அதனால் இரண்டே இரண்டு பாட்டு.

'நெஞ்சில் ஓர் ஆலயம்', 1962. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் கணவன், தான் போய்விட்டால் நீ அந்த டாக்டரையே கல்யாணம் செய்துகொள் என்று மனைவியிடம் சொல்லிவிடுகிறான். அவள் பாடுவதுதான் 'சொன்னது நீதானா'. அடுத்து 'சொல் சொல் சொல்' என்று மூன்று முறை வருகிறது பாருங்கள், அந்த இடத்தை ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். ஒரே சொல்தான், ஒவ்வொரு தடவையும் சுசீலாம்மா குரலில் அதன் கனம் வேறாக இருக்கும். பக்கத்தில் சிதார் இருக்கிறது, ஆனால் அவள் பேசும்போது அது குறுக்கே வராது, அவள் நிறுத்திய பிறகுதான் வாயைத் திறக்கும். இதைத்தான் நான் அவருடைய பெரிய குணம் என்று சொல்வேன். சொல்லுக்கும் குரலுக்கும் முன்னால் இடம் கொடுத்துவிட்டுத் தான் பின்னால் போய் நின்றுகொள்வார். அதனால்தான் நமக்குப் பாடியவரும் எழுதியவரும் நடித்தவரும் கண்ணில் படுகிறார்கள், அவர் படுவதில்லை.

அதே 1962-இல் 'சுமைதாங்கி' படத்தில் 'மயக்கமா கலக்கமா'. வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றிருந்த கவிஞர் வாலியிடம் பாடகர் பி.பி.ஸ்ரீநிவாஸ் இந்தப் பாட்டைப் பாடிக் காட்ட, மனிதர் மூட்டையைப் பிரித்து வைத்துவிட்டுச் சென்னையிலேயே தங்கிவிட்டார். வாலியே பல மேடைகளில் சொன்னது. அவர் ஊருக்குப் போயிருந்தால் தமிழ் சினிமாவுக்கு எவ்வளவு நஷ்டம், யோசித்துப் பாருங்கள்.

சரி, விருதுக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனசு வராது. பத்ம விருது எதுவும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. தேசிய விருதும் இல்லை. 'அபூர்வ ராகங்கள்' படத்தில் அவர் இசையில் 'ஏழு ஸ்வரங்களுக்குள்' பாடிய வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது வந்தது, மெட்டுப் போட்டவருக்கு வரவில்லை. 2012-இல் ஜெயலலிதா 'திரையிசைச் சக்கரவர்த்தி' பட்டமும் 60 பொற்காசுகளும் காரும் அவருக்கும் ராமமூர்த்திக்கும் சேர்த்தே கொடுத்தார். அந்த அளவில் ஒரு நிம்மதி. அதற்கு அடுத்த ஏப்ரலில் ராமமூர்த்தி போய்விட்டார்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன ஒவ்வொருவரும் எம்.எஸ்.வி. மெட்டைப் பாடியிருக்கிறோம். பிரேயரில் நின்று, வெயிலில், பக்கத்துப் பையன் காலை மிதிக்க மிதிக்க. 'நீராருங் கடலுடுத்த'. எழுதியவர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மோகன ராகத்தில் மெட்டமைத்தவர் எம்.எஸ்.வி. மொத்தம் 55 விநாடி. நீளநீளமான அடிகள், கடினமான சொற்கள், அதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட மூச்சு முட்டாமல் பாடிவிடுகிறதே, எங்கே மூச்சு வாங்கலாம் என்று மெட்டே சொல்லிக் கொடுக்கிறது. கடைசியில் 'வாழ்த்துதுமே' மூன்று முறை வரும்போது மொத்த மைதானமும் சேர்ந்து சத்தத்தை ஏற்றும், யாரும் சொல்லித் தர வேண்டாம். எனக்கு எந்த வாத்தியாரும் இது எம்.எஸ்.வி. மெட்டு என்று சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லியிருந்தால் கமெண்டில் எழுதுங்கள், அந்த டீச்சரைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள். ஆசிரியர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், நாளைக்கு வகுப்பில் ஒரு நிமிடம் எடுத்து அவர் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

ராமமூர்த்தி ஐயாவின் வயலினைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், அடுத்த வீடியோ அதுதான்.