உடையும், உடையலாம், உடையக்கூடும்: ஆங்கிலக் கடிதத்தில் விளைவைச் சொல்லும் முறை

வணக்கம் நேயர்களே.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழே ஒரு வாய்க்கால் கட்டு அரித்துப்போயிருக்கிறது. மாரி தொடங்கினால் உடைப்பெடுக்கும், பெரும்போக வயலுக்குள் வெள்ளம் பாயும். இதைக் கமக்காரர் அமைப்பு ஆங்கிலத்தில் அதிகாரிக்கு எழுத வேண்டும். தமிழில் 'உடையக்கூடும்' என்றால் கேட்பவருக்குப் போதும். ஆங்கிலத்திலோ அந்தக் 'கூடும்' எவ்வளவு உறுதியானது என்பதை எழுதுகிறவர் தெரிந்தெடுத்தே ஆக வேண்டும்.

'வில்' என்றால் நடந்தே தீரும். 'இஸ் பவுண்ட் ரு' அதைவிட இறுக்கம். 'இஸ் லைக்லி ரு' என்றால் நடக்காமல் விடுவதைவிட நடக்கவே வாய்ப்பு அதிகம். 'மே', 'குட்' இரண்டும் நடக்கலாம் என்ற அளவோடு நிற்கும். 'மைற்' பெரும்பாலும் இன்னும் மெல்லியது.

கண்ணால் கண்ட சான்றுதான் இதைத் தீர்மானிக்க வேண்டும். கட்டில் வெடிப்பு தெரிகிறது, போன மாரியிலும் அதே இடத்தில் கசிந்தது என்றால் 'இஸ் லைக்லி ரு' எழுதுங்கள். வெறும் சந்தேகம் என்றால் 'மே' போதும். எல்லாவற்றுக்கும் 'வில்' போட்டால், ஒருமுறை உடையாமல் விட்டதும் அடுத்த கடிதத்தை நம்பமாட்டார்கள். 'மைற்' போட்டால் அவசரமில்லை என்று கோவைக்குள் வைத்துவிடுவார்கள். அலுவலகக் கடிதத்துக்கு 'இஸ் லைக்லி ரு' போல உதவுகிற தொடர் வேறில்லை என்பது என் எண்ணம்.

பிழை வருவதும் அதிலேதான். 'பண்ட்' என்றால் கட்டு. 'த பண்ட் லைக்லி ரு பிறேக்' என்று 'இஸ்' இல்லாமல் எழுதுகிறார்கள். தமிழ் வசனத்துக்கு அப்படியொரு சொல் தேவைப்படாததால் கை அதைத் தவறவிடுகிறது. 'த பண்ட் இஸ் லைக்லி ரு பிறேக்' என்பதே சரி. இங்கே 'ரு'வுக்குப் பின் வினையின் அடிவடிவம் வரும். 'லீட் ரு'வில் வரும் 'ரு' வேறு சாதி. அதன் பின் பெயர்ச்சொல் அல்லது 'இங்' வடிவம்தான் வரும்: 'மே லீட் ரு ஃப்ளடிங்'. 'லீட் ரு ஃப்ளட்' என்று எழுதும் மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

'ரிசல்ற் இன்' காரணத்திலிருந்து விளைவுக்குப் போகும், 'ரிசல்ற் ஃப்றொம்' விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்பும். மாறிப்போனால் வெள்ளத்தால் மழை வந்ததாகிவிடும். 'அநேகமாக' என்று பொருள்படும் 'புறொபப்லி' 'வில்'லுக்குப் பின்னால் வரும், 'வில் நொற்' சுருங்கிய 'வோண்ற்'றுக்கு முன்னால் வரும்.

இனி முழு வசனம்: 'இஃப் த பண்ட் இஸ் நொற் றிப்பெயர்ட் பிஃபோர் ஒக்ரோபர், இற் இஸ் லைக்லி ரு பிறேக், அன்ட் திஸ் மே லீட் ரு த லொஸ் ஒஃப் த மஹா குறொப்.' கட்டு உடைவதற்குச் சான்று உண்டு, ஆகவே 'லைக்லி'. பயிர் முழுதாக அழிவது தண்ணீர் நிற்கும் நாட்களைப் பொறுத்தது, ஆகவே 'மே'. விளைவுக்கு மேல் விளைவு சொல்லும்போது உறுதி இப்படித்தான் குறைந்துகொண்டு போக வேண்டும். 'இஃப்' பகுதிக்குள் 'வில்' போடாதீர்கள். வருங்காலத்தைச் சொன்னாலும் அங்கே நிகழ்கால வினைதான்.

'இஃப்… நொற்' என்பதற்குப் பதிலாக 'அன்லெஸ்' எழுதலாம். ஆனால் 'அன்லெஸ் த பண்ட் இஸ் நொற் றிப்பெயர்ட்' என்று எழுதினால் பொருள் தலைகீழாகும். திருத்தினால்தான் உடையும் என்றாகிவிடும். 'அன்லெஸ்' போட்டால் 'நொற்'றை வெட்டிவிடுங்கள்.