எந்த வேலை ஒத்துவராது?

(உலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி, கோவையில் சிறு, குறுந்தொழில் முனைவோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை கேட்டு ஒரு கம்பெனிக்குப் போனால், இந்த ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை. உட்காரச் சொல்வார்கள், டீ வரும், மரியாதையாகத்தான் பேசுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த வாக்கியம் வரும்: "எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லைங்க. ஆனா நம்ம வேலை அவங்களுக்கு ஒத்துவராதுங்க."

அந்த வாக்கியத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். அதைச் சொல்பவர்கள் நல்லவர்கள். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுப்பவர்கள். டிசம்பர் 3 வந்தால் சக்கர நாற்காலி வாங்கித் தருபவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் "ஒத்துவராது" என்பதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அது முழுக்க முழுக்க ஊகம். அந்த ஊகத்தால்தான் வேலைக்கு வரத் தயாராக இருக்கும் எத்தனையோ பேர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். இன்னொரு பக்கம், ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் வெளி மாநிலத்துக்கு ரயில் டிக்கெட் போட்டு ஆள் கூட்டி வருகிறீர்கள்.

சரி, "நம்ம வேலை" என்கிறோமே, அது எந்த வேலை? பம்ப் செட் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வைண்டிங் இருக்கிறது, அசெம்பிளி, டெஸ்டிங், பெயிண்டிங், பேக்கிங் இருக்கிறது. ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், பில் போடுவது, போனில் சர்வீஸ் புகார் வாங்குவது எல்லாம் இருக்கிறது. காயில் சுற்றுபவருக்குக் கையும் கண்ணும்தான் முதலீடு. கால் எப்படி இருக்கிறது என்று, காயில் சுற்றப்படும் மோட்டார் பாகமான ஸ்டேட்டர் கேட்பதில்லை. புகார் வாங்கிப் பதிவு செய்பவருக்குக் காதும் பொறுமையும் வேண்டும். கணினி பேசினால் பார்வை இல்லாதவர் அதைச் செய்துவிடுவார்.

நம் விளம்பரங்களையும் பாருங்கள். "ஆபீஸ் உதவியாளர் தேவை, டூவீலர் லைசன்ஸ் அவசியம்" என்று போடுகிறோம். அந்த வேலை என்ன? பில் போடுவது, பைல் அடுக்குவது, போன் எடுப்பது, வாரத்துக்கு ஒருமுறை பேங்குக்குப் போவது. அந்த ஒருமுறைக்காக டூவீலர் ஓட்ட முடியாதவர்கள் அத்தனை பேரும் மற்ற வேலைகளுக்கும் தகுதி இல்லாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். பேங்குக்கு வேறொருவர் போகட்டும். அவர் செய்யும் வேலையில் ஒன்றை இவர் எடுத்துக்கொள்ளட்டும். இப்படி மாற்றிக்கொள்வதற்குச் செலவு கிடையாது, முடிவெடுக்க ஒரு முதலாளி வேண்டும், அவ்வளவுதான்.

ஜப்பானில் கவாசாகி நகரத்தில் நிஹோன் ரிகாகாகு என்று ஒரு கம்பெனி இருக்கிறது. சாக்பீஸ் செய்கிறார்கள். 1950-களின் கடைசியில் ஒரு சிறப்புப் பள்ளி ஆசிரியர் அந்தக் கம்பெனிக்குப் போய், அறிவுசார் குறைபாடு உள்ள தன் மாணவிகளுக்கு வேலை கேட்டார். முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனார், மறுபடியும் அதே பதில். மூன்றாவது தடவை, "வேலை தராவிட்டாலும் பரவாயில்லை, வேலை செய்வது என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகள் கொஞ்ச நாள் தெரிந்துகொள்ளவாவது விடுங்கள்" என்று கேட்டார். இரண்டு பெண்கள் இரண்டு வாரத்துக்கு வந்தார்கள். அந்த இரண்டு வாரம் முடிந்தபோது, இவர்களை அனுப்ப வேண்டாம் என்று கேட்டவர்கள் கூட வேலை பார்த்த தொழிலாளர்கள். 1960-இல் இருவரும் வேலைக்குச் சேர்ந்தார்கள். இன்று அந்தக் கம்பெனியில் பத்தில் ஏழு பேருக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள்.

எப்படி முடிந்தது? இதைத் தொழில் நடத்துபவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். சாக்பீஸ் மாவுக்கு மூலப்பொருள்களை எடை போட்டுக் கலக்க வேண்டும். தராசில் எண்ணைப் படிப்பது அவர்களில் பலருக்குச் சிரமம். அப்போது தலைமைப் பொறுப்பில் இருந்த ஓயாமா யாசுஹிரோ எண்ணைக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கவில்லை, எண்ணையே எடுத்துவிட்டார். சிவப்பு டப்பாவில் உள்ள பொருளுக்குச் சிவப்பு எடைக்கல், நீல டப்பாவில் உள்ளதற்கு நீல எடைக்கல். தராசு சமமாக நின்றால் அளவு சரி. எவ்வளவு நேரம் கலக்க வேண்டும் என்பதற்குக் கடிகாரத்துக்குப் பதிலாக மணல் கடிகை: கவிழ்த்து வை, மணல் இறங்கி முடிந்ததும் நிறுத்து. பொருளின் தரம் குறையவில்லை. அளவு தப்பவும் வழியில்லை, ஏனென்றால் தப்பாகப் படிப்பதற்கு அங்கே எண் எதுவும் இல்லை.

இதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றுமே இல்லை. உங்கள் பட்டறையில் கோ, நோ-கோ கேஜ் இருக்கிறது. வெர்னியர் படிக்கத் தெரியாத பையனும் நுழைகிறதா, நுழையவில்லையா என்று பார்த்து ஆயிரம் பீஸ் செக் செய்கிறான். பீஸைச் சரியான இடத்தில் அசையாமல் பிடித்து வைக்கும் ஜிக், பிக்ஸர் போடத் தெரிந்த ஊர் இது. பீஸுக்குப் போடும் பிக்ஸரை, ஒரு மனிதர் நன்றாக வேலை செய்வதற்காகவும் போடலாம். சட்டம் நியாயமான வசதி என்று சொல்வதன் உள்ளடக்கம் பெரும்பாலும் இதுதான்.

செலவைப் பற்றிய பயம் எல்லோருக்கும் இருக்கிறது. லிஃப்ட் வைக்க வேண்டுமா, கட்டடத்தை இடிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் என்ற ஆலோசனை மையம், இந்த வசதிகளைச் செய்து கொடுத்த முதலாளிகளிடம் பல ஆண்டுகளாகக் கணக்குக் கேட்டு வருகிறது. ஏறக்குறைய பாதி வசதிகளுக்கு ஒரு காசும் செலவாகவில்லை என்பதே திரும்பத் திரும்ப வரும் விடை. நம் ஊரிலும் நான் பார்ப்பது அதைத்தான். ஷிஃப்டை அரை மணி நேரம் தள்ளி வைத்தால், கூட்டம் குறைந்த பஸ்ஸில் ஒருவரால் வர முடிகிறது. மேஜையை நாலு அங்குலம் இறக்கினால் சக்கர நாற்காலி உள்ளே போகிறது. மாடியில் இருக்கும் ஒருவரின் இடத்தைக் கீழே மாற்றினால் போதும். செலவு வருவது பெரும்பாலும் கழிப்பறையில்தான். அதைத் தள்ளிப் போடக் கூடாது. சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லாத இடத்தில் ஒரு பெண் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வார். யாரிடமும் சொல்லமாட்டார். கொஞ்ச நாளில் உடம்புக்கு முடியாமல் நின்றுவிடுவார். "பார்த்தீங்களா, அவங்க நிலைச்சு நிக்கமாட்டாங்க" என்று பேச்சு வரும். தண்ணீர் குடிக்கப் பயந்த கதை யாருக்கும் தெரியாது.

காது கேளாதவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பூரிலும் இங்கேயும் அதிகம் சேர்க்கப்படுவது அவர்கள்தான். "பேசாம வேலையைப் பார்ப்பாங்க" என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். அந்தப் பாராட்டு எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் நன்றாகப் பேசுவார்கள், சைகையில் பேசுவார்கள், நமக்குத்தான் புரிவதில்லை. எழுதிக் காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். பிறவியிலிருந்தே காது கேளாத பலருக்குச் சைகைதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் பள்ளியில் அரைகுறையாகக் கிடைத்த இரண்டாம் மொழி. நீங்கள் எழுதிய சர்க்குலருக்குத் தலையாட்டுவார்கள், ஆனால் புரிந்திருக்காது. நேர்காணலுக்கும், பாதுகாப்புப் பயிற்சிக்கும், சம்பளம் பற்றிய பேச்சுக்கும் சைகை மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். நேரில் வர முடியாவிட்டால் வீடியோ காலில் வருவார். தீ எச்சரிக்கைக்கு மணியோடு மின்னும் விளக்கும் வேண்டும். சூப்பர்வைசர் இருபது சைகை கற்றுக்கொள்ளட்டும். அப்புறம், அவர்களுக்குப் பதவி உயர்வு கொடுங்கள். பத்து வருடம் முன்னால் பேக்கிங் டேபிளில் உட்கார்ந்தவர் இன்றும் அதே டேபிளில் இருக்கிறார், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் லைன் இன்சார்ஜ் ஆகிவிட்டார்கள். அவருக்குக் காது கேட்காதே தவிர, இது கண்ணில் படாமல் இல்லை.

பார்வையற்றவர்களுக்கு, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. என்விடிஏ என்ற மென்பொருள் தமிழையும் வாசிக்கும். ஆனால் தமிழ்நாட்டுக்கென்று ஒரு தடை இருக்கிறது. வானவில், பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பைத் திறந்தால், ஸ்கிரீன் ரீடர் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். கணினிக்கு அது தமிழே இல்லை. கடிதத்தை ஸ்கேன் செய்து படமாக அனுப்பினால், படம் என்பதற்கு மேல் அதில் வாசிக்க எதுவும் இருக்காது. எந்தக் கணினியும் தமிழைத் தமிழாகவே அறிந்துகொள்ளும் எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. உங்கள் ஆபீஸில் யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மாற்றத்தால், படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் பக்கத்து மேஜைக்காரரை எதிர்பார்க்காமல் தன் வேலையைத் தானே செய்யலாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. பழைய 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன, இதில் 21. அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு. உங்களுக்கு ஒதுக்கீடு கிடையாது. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். எந்தெந்த வேலைகள் பொருந்தும், எப்படித் தேர்வு செய்வோம், என்ன வசதி, என்ன விடுப்பு, யாரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இங்கே எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொல்லப்போவதில்லை. எழுதாதவர்கள் இந்த மாதமே எழுதுங்கள். ஆனால் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். உங்கள் ஷெட்டைச் சுற்றி நடந்து பார்த்து எழுதுங்கள்.

ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கு. 70 சதவீதப் பார்வைக் குறைபாடு உள்ள வி. சுரேந்திர மோகன் சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்தார். 50 சதவீதத்துக்கு மேல் குறைபாடு இருந்தால் அந்தப் பதவிக்கு முடியாது என்றார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டே ஆண்டுகளில், 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, நியாயமான வசதி என்ற கோட்பாட்டையே பார்க்காமல் அளித்த அந்தத் தீர்ப்பை இனி முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்றது. என்ன வசதி வேண்டும் என்பதை அந்தந்த நபரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. 2025 மார்ச்சில், பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்க முடியாது என்று தீர்ப்பே வந்துவிட்டது. நீதிபதி நாற்காலிக்கே ஒத்துவரும் என்றான பிறகு, நம் ஸ்டோர்ஸ் நாற்காலிக்கு ஒத்துவராது என்று எப்படிச் சொல்வது?

கடைசியாக, என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம். மாற்றுத்திறனாளி என்றால் வெளியிலிருந்து விண்ணப்பம் எடுத்துக்கொண்டு வருபவர் என்றே நாம் நினைக்கிறோம். போலியோ இருந்த காலத்தில் அப்படி நினைத்ததில் நியாயம் இருந்தது. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் வந்த கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. இனி வரப்போகும் குறைபாடுகளில் பெரும் பங்கு சாலை விபத்திலிருந்தும், சர்க்கரை நோயிலிருந்தும், பக்கவாதத்திலிருந்தும், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மெஷினிலிருந்தும் வரும். அதாவது ஏற்கெனவே உங்களிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு வரும்.

பவர் பிரஸ்ஸில் விரல் போவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டை விரலுக்கு 30 சதவீதம், ஒரு கையின் நான்கு விரலுக்கும் 50 சதவீதம் என்று சம்பாதிக்கும் திறன் இழப்பைக் கணக்குப் போட்டிருந்தது. 50 சதவீதம் என்றாலே மீதி 50 சதவீதம் அவரிடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆனால் நடப்பது என்ன? பணம் கிடைக்கிறது, சில நல்ல முதலாளிகள் மேலே போட்டும் கொடுக்கிறார்கள், ஆள் வீட்டுக்குப் போய்விடுகிறார். டை செட்டிங், அதாவது பிரஸ்ஸில் அச்சைப் பொருத்தும் வேலை, தெரிந்த கை போனாலும், டை செட்டிங் தெரிந்த மண்டை இருக்கிறது. சத்தத்தை வைத்தே மெஷினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடும் மனிதர் அவர். அவரை டீக்கடை பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, புதிய பையனை வைத்து ஸ்கிராப் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

அரசு நிறுவனங்களுக்கு இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. பணிக்காலத்தில் குறைபாடு வந்தால் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கக் கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். இடம் இல்லையென்றால், கிடைக்கும்வரை கூடுதல் பணியிடம் உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய சட்டத்திலும் இது இருந்தது. பணியில் அடிபட்டுக் கால் இழந்த குணால் சிங் என்ற காவலரை ஓய்வூதியம் கொடுத்து அனுப்பியது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் சொன்னது. தனியாருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. பொருந்தாவிட்டாலும் நீங்களாகவே செய்யலாம். சம வாய்ப்புக் கொள்கையில் அதை ஒரு வரியாக எழுதிக் கையெழுத்துப் போடலாம். அப்படி எழுதிய கம்பெனியில், விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் குடும்பத்துக்குப் பயம் பாதியாகிவிடும்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். திங்கள்கிழமை ஆபீஸுக்குப் போனதும், கடந்த ஐந்து வருடத்தில் விபத்தாலோ நோயாலோ உங்களிடமிருந்து நின்றுபோனவர்களின் பெயர்களை எழுதுங்கள். பிஎப் பதிவேட்டில் இருக்கும், இல்லாவிட்டால் உங்கள் சூப்பர்வைசருக்கு நினைவிருக்கும். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போங்கள். எங்களால் என்ன செய்து தர முடியும் என்று பிறகு யோசிக்கலாம். உனக்கு என்ன இருந்தால் மறுபடி வேலைக்கு வர முடியும் என்று முதலில் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த வேலையை எப்படி மாற்றலாம் என்று பார்க்க, கூப்பிட்டால் நானே உங்கள் ஷெட்டுக்கு வருகிறேன்.

இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கிறேன்.