உப்புக் காற்றில் தினமும் ஓட்ட எந்த சைக்கிள்?

(காட்சி: காலை ஆறு மணி. திருவொற்றியூர் தேரடி. கேரியரில் பிளாஸ்டிக் குடம் கட்டிய சைக்கிள் ஒன்று மெல்லப் போகிறது.)

வணக்கம். தினமும் ஓட்ட ஒரு சைக்கிள் வேண்டும், 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இப்படிச் சொல்லிக்கொண்டு கடைக்குள் போனால் முதலில் எதைக் காட்டுவார்கள்? தடித்த டயர், முன்னால் ஷாக், டிஸ்க் பிரேக், ஏழு கியர், பளபள ஸ்டிக்கர். மட்கார்டு இருக்காது. கேரியர் இருக்காது. செயின் கவரும் இருக்காது.

சில வருடங்களுக்கு முன்பு நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். காசிமேட்டிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு வேலைக்குப் போக வாங்கினேன். ஒரே ஒரு மழைக்காலம். கியர் கம்பி உறைக்குள்ளேயே துருவேறி இறுகிவிட்டது. தண்டையார்பேட்டையில் நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடை அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு சாமான் நம்மாண்ட இல்லப்பா, பாரிஸ் கார்னர் போய்ப் பாரு." மூன்று வாரம் சைக்கிள் வீட்டு வாசலில் நின்றது. மூன்று வாரமும் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து நான் தெரிந்துகொண்டதைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன். கடலோரமான நம் வடசென்னைப் பக்கத்தில் சைக்கிளின் ஆயுளை முடிவு செய்வது உப்பும் தண்ணீரும்தான். அந்த இரண்டையும் தாங்க வேண்டும், பழுதானால் நம் தெருமுனைக் கடையிலேயே சரிசெய்ய முடிய வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

(காட்சி: ஒரு கையில் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தம். அதை ரிம்மில் வைக்கிறோம்.)

போகும்போது இந்தக் காந்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அது இரும்பு ரிம். ஒட்டாமல் விழுந்தால் அலுமினியம், கடையில் அலாய் என்பார்கள். அலாய் ரிம்மையே கேளுங்கள். காரணம் துரு மட்டும் இல்லை. முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் ரப்பர் அதில் வழுக்கும். நீங்கள் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருப்பீர்கள், சைக்கிள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அலாய் ரிம்மில் மழையிலும் பிடிப்பு நன்றாகவே இருக்கும். எதிரே கன்டெய்னர் லாரி வரும் எண்ணூர் விரைவுச் சாலையில் அந்தப் பிடிப்பின் அருமை புரியும்.

அடுத்து காந்தத்தை ஸ்போக்ஸில் வையுங்கள். இந்த விலையில் பெரும்பாலும் ஒட்டத்தான் செய்யும், பரவாயில்லை. ஒட்டாத ஸ்டெயின்லெஸ் ஸ்போக்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். ஃபிரேம் இரும்பாகவே இருக்கட்டும். விரிசல் விட்டால் இங்கேயே வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கும் அன்றே சீட் கம்பியை வெளியே எடுத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவித் திரும்பப் போடச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் உள்ளே துரு ஏறி, பின்னால் சீட்டை ஏற்றவோ இறக்கவோ முடியாமல் போகும்.

சரி, கியர் வேண்டுமா?

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை நம் ஊர் தட்டை. மேம்பாலங்களை விட்டால் மேடு என்று சொல்ல என்ன இருக்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் பல் 44, பின் சக்கரத்தில் செயின் மாட்டும் ஃப்ரீவீலில் பல் 18, டயர் 26 அங்குலம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது நிதானமான மிதி, மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் தரும். நம் சாலைகளுக்கு இது தாராளம். பாரம் ஏற்றுபவர், முழங்கால் வலி உள்ளவர் என்றால் 20 பல் ஃப்ரீவீல் மாற்றித் தரச் சொல்லுங்கள். அப்போது ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர்தான், ஆனால் மேம்பாலத்தில் மூச்சு வாங்காது. செலவு குறைவு, எந்தக் கடையிலும் செய்வார்கள்.

முன் ஷாக்கும் வேண்டாம். விலை குறைந்த ஷாக் எடையைக் கூட்டும், உள்ளே உப்புத் தண்ணீர் போனால் கொஞ்ச நாளில் இறுகிப்போகும். டிஸ்க் பிரேக்கைக் குறை சொல்ல மாட்டேன், மழையில் அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் இந்த விலையில் வரும் டிஸ்க், சைக்கிள் ஸ்டாண்டில் பக்கத்து வண்டி சாய்ந்தாலே வளைந்து உரச ஆரம்பிக்கும். அலாய் ரிம்மும், அதை இரண்டு பக்கமும் ரப்பரால் பிடிக்கும் வி-பிரேக்கும் சேர்ந்தால் போதும்.

(காட்சி: டயரின் பக்கவாட்டு எழுத்துகள், மிக அருகில்.)

டயர் வாங்கும்போது பலர் ஏமாறுவது இந்த எண்ணில்தான். 26 பெருக்கல் 1.75 என்று ஒன்று. 26 பெருக்கல் 1-3/8 என்று இன்னொன்று. இரண்டும் 26 தானே என்று மாற்றி வாங்கினால் ரிம்மில் உட்காராது. டயரின் பக்கத்தில் இன்னொரு சின்ன எண் இருக்கும். முதல் வகையில் 559 என்று முடியும், இரண்டாவதில் 590. அது டயர் போய் உட்கார்கிற ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். அந்த மூன்று இலக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு 26 பெருக்கல் 1.75 என்பதைச் சொல்வேன். நம் பள்ளம் மேட்டுக்கு அந்த அகலம் தேவை, டயரும் டியூபும் எல்லாப் பஞ்சர் கடையிலும் இருக்கும்.

கேரியரைக் குனிந்து பாருங்கள். அதன் இரண்டு கால்களும் பின் சக்கரத்தின் அச்சுப் பக்கம் வரை இறங்கி போல்ட்டில் முடிய வேண்டும். சீட் கம்பியில் மட்டும் கவ்விப் பிடிக்கிற கேரியர் குடத்தைத் தாங்காது. 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 20 கிலோ. அந்தப் பாரத்தை வைத்துவிட்டு ஒற்றைக் கால் ஸ்டாண்டு போட்டால் சைக்கிள் சாயும். அதனால் தண்ணீர் எடுக்கிற வீடென்றால் இரண்டு கால் ஸ்டாண்டு கட்டாயம்.

புதிது வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. பதினோராம் வகுப்பில் பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறதா? அதை வெளியே எடுங்கள். கியர் கிடையாது, மட்கார்டு உண்டு, கேரியர் உண்டு. நமக்கு வேண்டியது அதுதானே? டயர், டியூப், செயின், பிரேக் ரப்பர் மாற்றி, அச்சுக்குள் இருக்கும் பால்ஸைக் கழுவி கிரீஸ் வைத்து, சக்கரம் ஆடாமல் வீல் கோட்டம் எடுத்தால் புது சைக்கிள் விலையில் ஒரு பங்குதான் ஆகும். அப்பா, தாத்தா ஓட்டிய கறுப்பு ஹெர்குலிஸ் இருந்தாலும் சரி. அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்யும் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கிய காலத்திலிருந்து நம் ஊர் மெக்கானிக்குகளின் கை பழகிய வண்டி அது.

புதிதாகவே வாங்குகிறீர்களா? 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பில்லில் அதைப் பாருங்கள். கடை வாசலிலேயே உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி. ஹேண்டில் பார் சீட்டைவிடக் கொஞ்சம் மேலேயே இருக்கட்டும், நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் சாலை முழுக்கத் தெரியும்.

அப்புறம், சைக்கிளோடு சேர்த்து பெல், பின்னால் சிவப்பு விளக்கு, நல்ல பூட்டு. இதற்கு ஆகும் காசை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். லாரி டிரைவர் உயரத்தில் இருக்கிறார். வண்டியின் இடது பக்கம் ஒட்டிப் போகிறவர் அவர் கண்ணுக்கே தெரிய மாட்டார். டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்பகுதி உள்பக்கமாக ஒடித்துக்கொண்டு வரும். தயவு செய்து அந்த இடைவெளியில் நுழையாதீர்கள், பின்னால் நின்று அதைப் போகவிடுங்கள்.

மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி தண்ணீர் நிற்கிற இடத்தில் தள்ளிக்கொண்டு வந்தீர்களா? அச்சு நனைந்திருந்தால் உள்ளே இருக்கிற கிரீஸ் கெட்டிருக்கும். தண்ணீர் வடிந்த வாரமே கடையில் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற நாட்களில் வாரம் ஒரு முறை ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய்.

(காட்சி: தெருமுனைக் கடை. தலைகீழாக நிற்கும் புது சைக்கிள். சக்கரம் சுற்றுகிறது.)

வாங்கி ஒரு மாதம் ஆனதும் வண்டியை மறுபடி கடைக்குக் கொண்டுபோங்கள். புது ஸ்போக்ஸ் ஒரு மாத ஓட்டத்தில் தளரும். "அண்ணா, ஸ்போக்ஸ் டைட் வெச்சு, கோட்டம் பார்த்துக் குடுங்க" என்று சொன்னால் போதும், அவருக்குப் புரியும்.