வென்ற படகை விற்ற விளம்பரங்கள்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

1960களிலும் 1970களிலும் அமெரிக்க, பிரிட்டானியப் படகு இதழ்களில் வெளியான பெரும் பாய்மரப் படகு விளம்பரங்களைப் பற்றி இன்று பேசுகிறேன். 40 அடி முதல் 70 அடி வரை நீளமுள்ள அந்தப் படகுகள், நடுக்கடலில் பந்தயம் ஓடவும், குடும்பத்தோடு மாதக்கணக்கில் தங்கிப் பயணம் செய்யவும் ஒருங்கே ஏற்றவை என்று சொல்லி விற்கப்பட்டன. எந்த நிறுவனத்தின் விளம்பரத்தை எடுத்துக்கொண்டாலும் அடியில் ஓடும் வாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: இந்தப் படகு பெரிய பந்தயத்தில் வென்றிருக்கிறது; ஆகவே, உங்கள் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு கடல் கடக்க இதை நம்பலாம். அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை ஆராய்வதே என் நோக்கம்.

மரத்தால் படகு கட்டிய காலத்தில் இத்தகைய வாதம் அதிகம் தேவைப்படவில்லை. வசதி படைத்த ஒருவர் வடிவமைப்பாளரிடம் சென்று தமக்கென வரைபடம் வரையச் சொல்வார். பட்டறைக்கு நேரில் போய் மரத்தையும் வேலையையும் பார்த்துக்கொள்வார். கண்ணாடி இழைப் படகு வந்ததும் இந்த உறவு மாறியது. அச்சு செய்யப் பெருஞ்செலவு ஆகும்; அந்தச் செலவு திரும்பி வர வேண்டுமானால் ஒரே அச்சிலிருந்து பல படகுகளை எடுத்து, முகமறியாத மனிதர்களுக்கு விற்றாக வேண்டும். கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் 1950களின் நடுவில் கட்டத் தொடங்கிய, ஃபிலிப் ரோட்ஸ் வடிவமைத்த சுமார் 40 அடி நீளமுள்ள பவுன்டி II இந்த வழியில் முன்னோடிகளுள் ஒன்று. வாங்க வந்தவர்களுக்கோ பெரிய ஐயம் இருந்தது. பிசினும் இழையும் சேர்ந்த இந்தப் பொருள் கடலில் எத்தனை ஆண்டு உழைக்கும்? அனுபவத்திலிருந்து பதில் சொல்ல அன்று யாராலும் முடியாது. பந்தய முடிவு அந்த இடத்தை நிரப்பியது.

கால் 40 என்ற படகை எடுத்துக்கொள்வோம். பில் லாப்வொர்த் வடிவமைத்து, கலிஃபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் ஜென்சன் மரைன் நிறுவனம் 1963 முதல் கட்டிய படகு இது. அக்காலத்துக் கடற்படகுகளில் சுக்கான், ஏராவின் (படகின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு) பின்விளிம்போடு ஒட்டியே இருக்கும். லாப்வொர்த் அதைப் பிரித்துப் பின்னால் தனியே தொங்கவிட்டார். படகின் எடையையும் வெகுவாகக் குறைத்தார். நீளம் 39 அடி 4 அங்குலம், மொத்த எடை 15,000 பவுண்டு, அதில் 6,000 பவுண்டு அடியில் வைத்த பாரம். இவ்வளவு இலேசான படகு நடுக்கடலுக்கு ஆகாது என்று கருதியவர்கள் பலர். ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஹொனலூலுவுக்கு 2,225 கடல் மைல் ஓடும் டிரான்ஸ்பாக் பந்தயத்தில் 1965, 1967, 1969 ஆகிய மூன்று முறையும் கால் 40களே வென்றன. 1966இல் பெர்முடா பந்தயத்தையும் தண்டர்பேர்டு என்ற கால் 40 வென்றது. இப்படியொரு பட்டியல் கையில் இருக்கும்போது விளம்பரம் எழுதுபவருக்கு வேறு சொற்கள் ஏன் வேண்டும்? பின்காற்றில் பாய் விரித்துப் பறந்த அதே அச்சில் எடுத்த படகை நீங்களும் வாங்கலாம் என்ற செய்தி அக்காலத்தில் மிகப் புதியது. எனக்கு அது இன்றும் நியாயமான பெருமையாகவே படுகிறது.

ஆனால் 'வென்றது' என்பதன் பொருளை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தப் பந்தயங்களில் முதலில் கரை சேர்ந்த படகே வென்ற படகு என்பதில்லை. வெவ்வேறு அளவுள்ள படகுகள் சேர்ந்து ஓடுவதால், ஒவ்வொரு படகின் நீளம், அகலம், ஆழம், பாய்ப் பரப்பு முதலியவற்றை அளந்து, ஒரு விதியின்படி மதிப்பெண் கணக்கிட்டு, அதைக்கொண்டு நேரத்தைத் திருத்துவார்கள்; மதிப்பெண் கூடக் கூடத் திருத்தத்தில் கிடைக்கும் சலுகை குறையும். அந்தத் திருத்திய நேரத்தில் முந்துவதே வெற்றி. எனவே, விதி எதை அதிகமாக எண்ணுகிறது, எதைக் கவனியாமல் விடுகிறது என்பதை நுட்பமாக அறிந்த வடிவமைப்பாளருக்கு ஒரு தனி வழி திறக்கிறது. 1970இலிருந்து பரவிய ஐஓஆர் என்னும் பன்னாட்டு விதி, படகின் நிமிர்ந்து நிற்கும் வலிமை கூடினால் மதிப்பெண்ணையும் கூட்டியது. விளைவாக, அகன்று, ஆழம் குறைந்து, அவ்வலிமையில் சற்றுக் குறைந்த படகுகளுக்கு ஆதாயம் கிடைத்தது. வெற்றியை அறிவித்த விளம்பரம் இந்த இலாப நட்டத்தைச் சொல்லவில்லை. ஒரு பக்கத்தில் அதற்கு இடமுமில்லை.

இந்த வாதம் மிக உயரமாக எழும்பி நின்றது ஃபின்லாந்தின் ஸ்வான் படகுகளில்தான். பியட்டர்சாரி என்ற சிற்றூரில் பெக்கா கோஸ்கென்கைலா 1966இல் தொடங்கிய நாவுட்டார் பட்டறை, நியூயார்க்கின் ஸ்பார்க்மன் அண்டு ஸ்டீபன்ஸ் அலுவலகத்திடம் வடிவமைப்பைப் பெற்றுக் கண்ணாடி இழையில் உடலும், தேக்கில் மேல்தளமும் உள்ளறையுமாகக் கட்டியது. மெக்சிகோவில் சலவை இயந்திரங்கள் தயாரித்த ராமோன் கார்லின் அங்கு வாங்கிய ஸ்வான் 65, சயூலா II என்ற பெயருடன் 1973 செப்டம்பரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்திலிருந்து புறப்பட்டது. விட்பிரெட் மதுபான நிறுவனம் ஆதரவு தந்த, உலகைச் சுற்றும் முதல் பந்தயம் அது. 17 படகுகள் ஓடின. மூன்று மாலுமிகள் உயிரிழந்தனர். தென்கடலில் பேரலை ஒன்று சயூலாவைத் தலைகீழாகப் புரட்ட, உள்ளே இருந்தவர்கள் காயமுற்றார்கள். ஆயினும் படகு நிமிர்ந்தது, ஓட்டத்தைத் தொடர்ந்தது, திருத்திய நேரத்தில் பந்தயத்தையே வென்றது. பட்டறையின் விளம்பர எழுத்தாளர் எவரும் கற்பனை செய்துவிட முடியாத சான்று இது. புரட்டிய அலையிலிருந்து மீண்டது பந்தய விதியின் கணக்கால் அன்று, கட்டிய கைகளின் நேர்த்தியால். ஸ்வான் என்ற பெயருக்கு அதன்பின் கிடைத்த மதிப்பு உழைத்துப் பெற்றதென்றே நான் கருதுகிறேன்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் காவ்ஸ் துறைமுகத்தில் ஃபிராங்க் பீக்கன், இரு கைகளாலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு, வாயில் கவ்விய ரப்பர் குமிழைக் கடித்துப் படம் எடுத்தார். நியூயார்க்கில் மாரிஸ் ரோசன்ஃபெல்டும் அவர் மகன் ஸ்டான்லியும் எடுத்த படங்கள் இன்று மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. காற்றில் சாய்ந்து, நுரை சிதறி, பாய் முழுதும் புடைத்து ஓடும் படகு என்ற உருவத்தை நம் கண்களுக்குப் பழக்கியவர்கள் இவர்கள். விளம்பரங்கள் அந்த உருவத்தைப் பெரிதாக வைத்து, அருகிலேயே சிறிய சதுரத்தில் உள்ளறையைக் காட்டின: தேக்கு மேசை, பழத்தட்டு, மடித்து வைத்த போர்வை. இரண்டும் ஒரே படகின் உண்மையான படங்கள். ஆனால் முதல் படத்தின் சாய்வில் இரண்டாம் படத்தின் பழத்தட்டு நிற்காது. பக்கத்தின் அடியில் நீளம், நீர்க்கோட்டு (நீர்மட்டத்தில் அளந்த) நீளம், அகலம், எடை, அடிப்பாரம், பாய்ப் பரப்பு என்று சிறிய எழுத்தில் அச்சிட்ட அட்டவணையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். படிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஐந்தாறு எண்கள் படகின் குணத்தைச் சொல்லிவிடும்.

1970களில் படகுகளே விளம்பரமாகவும் ஆயின. போட்டிப் படகில் விளம்பரம் எழுத விதி தடை செய்திருந்ததால், பொருளின் பெயரையே படகுக்கு வைத்தார்கள். முதல் விட்பிரெட் பந்தயத்தில் ஓடிய 33 எக்ஸ்போர்ட் என்பது ஒரு பிரெஞ்சு பீர். கிரிட்டர் என்பது ஒரு நுரைக்கும் ஒயின். 1977-78இல் கிளேர் ஃபிரான்சிஸ் தலைமையேற்று ஓட்டிய ஸ்வான் 65இன் பெயர் ஏடிசி அக்யுட்ராக்; அது ஓர் இசைத்தட்டுக் கருவி.

1979 ஆகஸ்டில், இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு அயர்லாந்தின் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் ஃபாஸ்ட்நெட் பந்தயம் 303 படகுகளுடன் தொடங்கி, புயலில் சிக்கியது. பந்தயத்தில் ஓடிய 15 பேர் இறந்தனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. அவற்றுள் 5 மூழ்கின. மிகச் சிறிய பிரிவில் புறப்பட்ட 58 படகுகளில் முடித்தது ஒன்றே, கான்டெஸ்ஸா 32 வகையைச் சேர்ந்த அசென்ட். அது குறுகலான, பாரம் மிகுந்த, பழைய போக்கில் அமைந்த படகு. பந்தயம் வெல்வதும் கடலில் பிழைப்பதும் வேறு வேறு சோதனைகள் என்பதை விசாரணை அறிக்கை எண்களோடு முன்வைத்தது. கவிழ்ந்த படகு எந்தக் கோணம் வரை தானே நிமிரும் என்ற கேள்வியை வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினர். அமெரிக்காவில் நடந்த ஆய்வு, அகலத்தையும் எடையையும் கொண்டு யாரும் கணக்கிடக்கூடிய எளிய கவிழ்வுச் சூத்திரம் ஒன்றைத் தந்தது. எடையும் அகலமும் பழைய விளம்பரங்களின் அடி அட்டவணையிலேயே அச்சாகி வந்தவை. அவற்றை இப்படிச் சேர்த்துப் படிக்கும் வழிதான் புதிது.

பெருங்கடலுக்கு ஏற்றது என்ற கூற்றை அதுவரை யாரும் தம் படகுக்குச் சூட்டிக்கொள்ள முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 ஜூன் முதல் அது சட்டத்துக்குள் வந்தது. அங்கு புதிதாக விற்கும் படகு 'ஏ' வகை என்று குறிக்கப்பட வேண்டுமானால், காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8ஐ மிஞ்சும் காற்றிலும் 4 மீட்டரை மிஞ்சும் அலையிலும் ஓடத்தக்கதாக வடிவமைக்கப்பட்டிருப்பதைக் கட்டியவரே நிறுவ வேண்டும். அதற்குப் பந்தயக் கோப்பை சான்றாகாது.