பதில் வரும் வரை

வணக்கம். செவ்வாய்க் கிரகத்தில் ஒருவர் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பூமியில் இருக்கும் ஒரு பெண் அவரிடம், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிறாள். இரண்டு கிரகங்களும் மிக நெருங்கி வரும் நாளில்கூட அந்தக் கேள்வி போய்ச் சேர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். சூரியனுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக விலகி நிற்கும்போது சுமார் 22 நிமிடம். பதில் திரும்பி வரவும் அதே அளவு நேரம் வேண்டும். ஆக, "சாப்பிட்டேன்" என்ற ஒரு சொல்லுக்காக அவள் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். வானொலி அலை ஒளியின் வேகத்தில் போகிறது. அதைவிட வேகமாகப் போக எதற்கும் வழியில்லை.

நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் காதல் கதை இந்த முக்கால் மணி நேரத்துக்குள் நடக்கிறது.

அறிவியலும் மாயமும் கலந்த கதைகளை சயின்ஸ் ஃபேன்டசி என்கிறார்கள். அதில் ஒரு வகை எனக்கு மிகவும் பிரியமானது. அதில் ஆபாசம் இருக்காது, ரத்தத்தைக் காட்டி மிரட்டாது. காதல் நிதானமாகக் கனியும். கடவுளைப் பற்றியும் ஆன்மாவைப் பற்றியும் கூச்சப்படாமல் பேசும். படித்து முடித்தபின் நாளைய தினத்தின் மேல் ஒரு பிடிப்பு வரும். இதைச் சொன்னதுமே, "ஓ, சின்னப் பிள்ளைகளுக்கான கதையா?" என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைகளும் படிக்கலாம்தான். ஆனால் இரண்டு பேரைத் தொடவிடாமல் முந்நூறு பக்கம் நடத்திக்கொண்டு போவது எழுதுகிறவருக்குப் பெரிய சோதனை. கை கோப்பதற்கே இருநூறு பக்கம் ஆகும் என்றால், அதுவரை வாசகரைப் பிடித்து வைக்க ஒரு குரலின் தடுமாற்றம் போதுமானதாக இருக்க வேண்டும்.

காத்திருப்பது நம் இலக்கியத்துக்குப் புதிதா என்ன? முல்லைத் திணைக்கு உரிய பொருளே இருத்தல்தான். கார்காலம் வந்தால் திரும்பிவிடுவேன் என்று தலைவன் சொல்லிவிட்டுப் போயிருப்பான், தலைவி மேகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அந்த அகப்பாடல்களில் காதலர்களின் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை. அதை மனதில் வைத்து நானும் என் கதையில் இரண்டு பேருக்கும் பெயர் வைக்கவில்லை.

கார்காலத்துக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது கோள்களின் ஓட்டம். பூமியும் செவ்வாயும் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை நெருங்கி வருகின்றன. அப்போது அவர்கள் பேச்சுக்கு நடுவே உள்ள இடைவெளி சுருங்கும், அப்புறம் வாரத்துக்கு வாரம் நீளும். ஒரு கட்டத்தில் சூரியன் குறுக்கே வந்துவிடும். செவ்வாயில் இருக்கும் விண்கலங்களுக்கு அந்தச் சமயத்தில் சுமார் இரண்டு வாரம் கட்டளை எதுவும் அனுப்பமாட்டார்கள். சூரியனின் சலசலப்பில் செய்தி சிதைந்து, வேறு ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்பதற்காக.

அந்த இரண்டு வாரம்தான் என் கதையின் நடுப்பகுதி. அவள் பிரார்த்தனை செய்கிறவள், அவன் அந்தப் பழக்கம் இல்லாத பொறியாளன். பேச முடியாத அந்த நாட்களில் அவள் வழக்கமான நேரத்துக்குக் கருவியின் முன் உட்காருகிறாள். எதுவும் அனுப்பவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருடமாகப் பூஜையிலும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று நாலாம் நாள் அவளுக்குத் தோன்றுகிறது. ஆன்மிகத்தைக் கதைக்குள் கொண்டுவர எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இதுதான். சிக்கலை அவிழ்க்கக் கடைசிப் பக்கத்தில் தெய்வத்தைக் கூப்பிடும் கதைகளை நான் விரும்புவதில்லை.

இயந்திரமும் பக்தியும் ஒரே அறையில் இருக்க முடியுமா என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் எனக்கு 1968 டிசம்பர் 24 நினைவுக்கு வரும். அப்போலோ 8 விண்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அது நிலவின் மறுபக்கம் போகும்போது பூமியோடு தொடர்பு அறுந்துவிடும். அந்தக் கலத்திலிருந்துதான் ஃபிராங்க் போர்மன், ஜிம் லவல், பில் ஆண்டர்ஸ் மூவரும் பைபிளில் ஆதியாகமத்தின் முதல் பத்து வசனங்களை மாற்றி மாற்றி வாசித்தார்கள்.

என் கதையில் மாயம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு: பனிக்கு அடியில் ஒரு மணி. செவ்வாயில் நாள் முடியும்போது அஸ்தமனச் சூரியனைச் சுற்றி வானம் நீலமாக இருக்கும். காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசி செய்கிற வேலை அது. அந்த நீல வேளையில், யாரும் அடிக்காமல் அந்த மணி ஒலிக்கிறது. மற்றது எல்லாம் அறிவியல் சொல்வதற்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும் என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன்.

அந்த விதி எனக்கு எதிர்பாராத பரிசு ஒன்று கொடுத்தது. செவ்வாயில் நாசா இறக்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் மைக் இருக்கிறது. அதன் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்ட முடிவு, செவ்வாயில் ஒலிக்கு இரண்டு வேகம் என்கிறது: கீழ்ச்சுருதி விநாடிக்குச் சுமார் 240 மீட்டர், மேல்சுருதி அதைவிடப் பத்து மீட்டர் அதிகம். அப்படியானால் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பவன் காதுக்கு மணியின் மெல்லிய ரீங்காரம் முதலில் வரும், ஆறில் ஒரு பங்கு விநாடி கழித்துக் கனத்த நாதம் வரும். செவ்வாயின் மெலிந்த காற்றில் ஓசை சீக்கிரமே அமுங்கிவிடும் என்பதால், அவ்வளவு தூரம் கேட்பது மட்டும் அந்த மணியின் மாயத்தில் சேர்ந்தது. அவன் அதைப் பதிவு செய்து அவளுக்கு அனுப்புகிறான். "இரண்டாக உடைந்து வருகிறது, கேட்டீர்களா?" என்கிறான். அவள் கேட்கிறாள், திரும்பத் திரும்பக் கேட்கிறாள். காதல் என்ற சொல் அந்த அத்தியாயத்தில் எங்கேயும் இல்லை.

நம்பிக்கையும் அப்படித்தான், காரணத்தோடு வர வேண்டும். 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலத்தில் தங்க முலாம் பூசிய ஓர் ஒலித்தட்டு இருக்கிறது. அதில் பதிவானவற்றில் ஒரு பெண்ணின் மூளை அலைகளும் உண்டு. ஆன் ட்ரூயன் என்ற அந்தப் பெண், பதிவின்போது தான் நினைத்தவற்றில் காதல்வசப்படுவதும் ஒன்று என்று பிறகு சொன்னார். அந்தக் கலம் 2023 நவம்பரில் புரியாத தரவுகளை அனுப்பத் தொடங்கியது. பழுதான கணினிச் சில்லைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் இருந்த நிரலை வேறு இடத்துக்கு மாற்ற 2024 ஏப்ரலில் கட்டளை அனுப்பினார்கள். போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை மணி நேரம். கிட்டத்தட்ட இரண்டு நாள், செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டு, அவர்கள் காத்திருந்தார்கள். பதில் வந்தது. எழுத உட்காரும்போது மனம் சோர்ந்திருந்தால் நான் அந்த இரண்டு நாளை நினைத்துக்கொள்வேன்.

சரி, என் கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்களை, நிலவை விட்டுக் கிளம்பியதிலிருந்து 21 நாள் ஆகும் வரை தனிமையில் வைத்திருந்தார்கள். நான் அதை எடுத்துக்கொண்டேன். அவன் பூமிக்கு வந்துவிட்டான், ஆனால் நடுவே கண்ணாடி. இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், பேச ஒரு சின்ன ஸ்பீக்கர். அவன் இளைத்திருக்கிறான். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவள் வாயில், "சாப்பிட்டாயா?" என்று வந்துவிடுகிறது.

கேட்டுவிட்டு, பதில் வர நேரமாகும் என்ற பழக்கத்தில், நாற்காலியை இழுத்து உட்காரப் போகிறாள். உட்காருவதற்குள் அவன் பதில் சொல்லிவிடுகிறான்.

நன்றி, வணக்கம்.