எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா: சான் பிரான்சிஸ்கோவின் பத்து வருடச் சோதனை

[திரையில்: வெள்ளைப் பலகையில் ஐந்து கட்டங்கள், வரிசையாக]

வணக்கம். ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம்.

அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். ஐந்து பாடங்கள். அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் கணக்கு இந்த வரிசையில்தான் போகும். வருடத்துக்கு ஒன்று, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. நம் ஊர்ப் புத்தகம் மாதிரி இயற்கணிதமும் வடிவியலும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்த இயல்களாக வராது. அங்கே உயர்நிலைப் பள்ளி என்பது 9 முதல் 12 வரை, மொத்தம் நான்கு வருடம். நான்கு வருடத்தில் ஐந்து பாடம் அடங்காது. ஆகவே 12-ஆம் வகுப்பில் கால்குலஸ் படிக்க விரும்பும் பிள்ளை, அல்ஜீப்ரா 1-ஐ எட்டாம் வகுப்பிலேயே முடித்திருக்க வேண்டும்.

இடிக்கிற அந்த ஒரு வருடத்தை வைத்துத்தான் சான் பிரான்சிஸ்கோ நகரம் பத்து வருடம் சண்டை போட்டது. அந்தக் கதைதான் இன்றைக்கு.

[திரையில்: கலிஃபோர்னியா வரைபடம், சான் பிரான்சிஸ்கோ மட்டும் நிறம் மாறுகிறது]

தமிழ்நாட்டில் பாடத்திட்டம் சென்னையில் முடிவாகி மாநிலம் முழுக்கப் போகும். அமெரிக்காவில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பள்ளி மாவட்டம். அதை நடத்தும் வாரியத்தை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநிலம் பொதுவான தரத்தைச் சொல்லும். எந்தப் பாடத்தை எந்த வகுப்பில், யாருக்கு வைப்பது என்பதைப் பெரும்பாலும் மாவட்டமே முடிவு செய்யும். சான் பிரான்சிஸ்கோ மாவட்டத்தில் சுமார் 50 ஆயிரம் பிள்ளைகள்.

2014 பிப்ரவரியில் அந்த வாரியம் ஒரு முடிவு எடுத்தது. எட்டாம் வகுப்பில் இனி அல்ஜீப்ரா 1 கிடையாது. கணக்கில் கெட்டி, சுமார் என்று பிள்ளைகளைப் பிரிக்கவும் கூடாது. எல்லோரும் ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1, பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரி, ஒரே வகுப்பறையில். கால்குலஸ் வேண்டும் என்பவர்கள் பதினொன்றாம் வகுப்பில் அல்ஜீப்ரா 2-ஐயும் ப்ரீகால்குலஸையும் ஒரே வருடத்தில் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? இதை அவசரமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. அந்த முடிவை இப்போது பலரும் ஒரே வார்த்தையில் முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் வாரியத்தின் கண்முன் இருந்த பிரச்சினை உண்மையானது.

1990-களின் கடைசியிலிருந்து கலிஃபோர்னியா எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்பிலேயே எல்லோரும் அல்ஜீப்ரா படிக்க வேண்டும் என்று மாநிலம் நெருக்கியது. 2008-இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் அல்ஜீப்ரா தேர்வு என்று மாநிலக் கல்வி வாரியம் முடிவே எடுத்தது. நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. இந்த நெருக்கடிக்குப் பின்னால் நல்ல எண்ணமும் இருந்தது. மனித உரிமைப் போராளி பாப் மோசஸ் 1980-களிலேயே 'அல்ஜீப்ரா புராஜெக்ட்' தொடங்கி, கறுப்பினக் குழந்தைகளுக்கு அல்ஜீப்ரா கிடைப்பது ஓட்டுரிமை மாதிரி ஓர் உரிமை என்று வாதாடியவர். வாசல் எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

ஆனால் தயாராகாத பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டால் என்ன ஆகும்? வட கரோலினாவில் சார்லட்-மெக்லன்பர்க் மாவட்டம் 2000-களின் தொடக்கத்தில், நடுத்தரமாகக் கணக்குப் போடும் பிள்ளைகளையும் கூட்டமாக எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவில் சேர்த்தது. ஆய்வாளர்கள் பின்னாளில் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். அவசரப்படுத்தப்பட்டவர்கள் அல்ஜீப்ரா தேர்விலேயே பின்தங்கினார்கள், அடுத்து வந்த ஜியோமெட்ரியிலும் சறுக்கினார்கள்.

சான் பிரான்சிஸ்கோவிலும் ஏராளமான பிள்ளைகள் அல்ஜீப்ராவை இரண்டாம் தடவை உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். முன்னேறிய வகுப்பை எட்டிப் பார்த்தால் அங்கே கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் மிகச் சிலர். பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளையை 'உனக்குக் கணக்கு வராது' என்கிற வரிசையில் நிறுத்திவிட்டால், அந்த வரிசையிலிருந்து அது வெளியே வருவது அபூர்வம். அதைப் பார்த்து ஒரு வாரியத்துக்கு மனசு கேட்கவில்லை என்றால், அதில் தப்பு இல்லை.

[திரையில்: ஒரு டாக்ஸி மீட்டர், பக்கத்தில் நேர்கோட்டு வரைபடம்]

இன்னொரு வாதமும் இருந்தது. கலிஃபோர்னியா 2010-இல் 'காமன் கோர்' என்ற புதிய தரத்தை ஏற்றது. அதில் எட்டாம் வகுப்புக் கணக்கே கனமாகிவிட்டது. ஓர் உதாரணம்: ஒரு டாக்ஸியில் ஏறியதும் 4 டாலர், அப்புறம் மைலுக்கு 3 டாலர். இன்னொன்றில் ஏறியதும் 10 டாலர், மைலுக்கு 2 டாலர். எத்தனை மைலில் இரண்டும் சமம்? ஆறு மைலில், இரண்டிலும் 22 டாலர். வரைந்து பார்த்தால் இரண்டு கோடுகள் வெட்டும் இடம். பழைய திட்டத்தில் அல்ஜீப்ரா 1-இல் இருந்த இந்த மாதிரிக் கணக்கு, புதிய தரத்தில் எட்டாம் வகுப்புப் பாடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மேலே எறிந்த பந்து வளைந்து கீழே வரும் பாதை, இரண்டு இரண்டு மடங்காகப் பெருகும் எண்ணிக்கை, இவையெல்லாம் அல்ஜீப்ரா 1-க்குப் போயின. 'எட்டாம் வகுப்பைத் தாண்டிக் குதித்தால் அடித்தளம் ஓட்டையாகும்' என்று மாவட்டம் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

சரி, செய்தார்கள். பலன் என்ன?

[திரையில்: 40 என்ற எண் சுருங்கி ஒற்றை இலக்கமாகிறது]

சில வருடங்களில் மாவட்டம் ஓர் எண்ணை வெளியிட்டது. அல்ஜீப்ரா 1-ஐ மறுபடி படிப்பவர்கள் முன்பு 40 சதவீதம், இப்போது ஒற்றை இலக்கம். அந்த எண் நாடு முழுக்கச் சுற்றியது. 2021-இல் கலிஃபோர்னியா தன் புதிய கணித வழிகாட்டியை வரைந்தபோது, முதல் வரைவு சான் பிரான்சிஸ்கோவையே முன்மாதிரியாகக் காட்டியது.

இந்த எண்ணைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம்.

பழைய முறையில் பிள்ளை எட்டாம் வகுப்பில் முதல் தடவை அல்ஜீப்ரா படிக்கும், தடுமாறினால் ஒன்பதில் இரண்டாம் தடவை. புதிய முறையில் ஒன்பதாம் வகுப்புதான் முதல் தடவையே. இரண்டு காலத்திலும் 'மறுபடி' என்ற சொல் ஒன்றுதான், ஆனால் அது குறிக்கிற விஷயம் வேறு. அதோடு, பெற்றோர் குழு ஒன்று மாவட்டத்தின் புள்ளிவிவரங்களைத் தோண்டி எடுத்து இன்னொன்றைச் சுட்டிக்காட்டியது. முன்பு ஜியோமெட்ரிக்குப் போக அல்ஜீப்ரா தேர்வில் குறிப்பிட்ட அளவு தேற வேண்டும். தேறாவிட்டால் மறுபடி அல்ஜீப்ரா. சீர்திருத்தம் வந்த அதே சமயத்தில் அந்த நிபந்தனை போய்விட்டது. வகுப்பில் பாஸ் செய்தால் போதும்.

நேற்று உழக்கால் அளந்த நெல்லை இன்று படியால் அளந்தால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். நெல் கூடியதா குறைந்ததா என்பது அதிலிருந்து தெரியாது. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் வருத்தம் தந்த இடம் இதுதான். யாரோ ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தங்கள் முயற்சி பலித்துவிட்டது என்று நம்ப ஆசைப்பட்டவர்கள், அளவு மாறியதைச் சொல்லாமலே அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை நம்பி மற்ற ஊர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு முடிவெடுக்கப் பார்த்தன. அந்த உதாரணம் பிறகு மாநில வழிகாட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. 2023 ஜூலையில் நிறைவேறிய வடிவத்தில் அது இல்லை.

அதே வருடம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள். மறுபடி படித்தவர்களை விடுங்கள், 12-ஆம் வகுப்புக்குள் யார் எந்தக் கணக்கு வரைக்கும் போனார்கள்? எலிசபெத் ஹஃபாக்கர், சாரா நோவிகாஃப், தாமஸ் டீ மூவரும் செய்த ஆய்வு இது. 'ஏபி' என்பது கல்லூரித் தரத்துப் பாடத்தைப் பள்ளியிலேயே படிப்பது. அந்த ஏபி கணக்கில் சேர்ந்தவர்கள் ஆரம்பத்தில் 15 சதவீதம் குறைந்தார்கள். கால்குலஸில் ஆசிய மாணவர்கள் குறைந்ததுதான் இதற்கு முக்கியக் காரணம். பின்னால் ஓரளவு மீண்டது. ப்ரீகால்குலஸில் சேர்பவர்கள் கொஞ்சம் கூடினார்கள்.

அப்புறம், எதற்காக இத்தனையும் செய்தார்களோ, அந்த இன இடைவெளி? அது பெரிதாக அசையவே இல்லை.

[திரையில்: கோடை விடுமுறை நாட்காட்டி]

ஏன் அசையவில்லை என்பதற்கு ஒரு பதிலாவது நாம் ஊகிக்கக் கூடியது. பள்ளிக்குள் வழியை மூடினாலும் வெளியே வழி இருந்தது. எட்டாம் வகுப்பில் இணையத்தில் காசு கட்டி அல்ஜீப்ரா முடித்துவிட்டு, மாவட்டத்தின் தகுதித் தேர்வை எழுதலாம். ஒன்பதில் அல்ஜீப்ராவையும் ஜியோமெட்ரியையும் ஒன்றாக எடுக்கலாம். கோடை விடுமுறையில் ஜியோமெட்ரி படிக்கலாம். இந்த வழிகள் எல்லாம் யாருக்குத் தெரியும்? விசாரிக்கத் தெரிந்த, நேரமும் பணமும் உள்ள பெற்றோருக்கு. நம் ஊர் ட்யூஷன் கதையைப் பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு வேலை பார்க்கும் அம்மாவின் மகள் கணக்கில் எத்தனை கெட்டியாக இருந்தாலும், அவளுக்கு மேலே போக இருந்த நேரான இலவச வழி அரசுப் பள்ளியின் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராதான். அவளுக்காகச் செய்த சீர்திருத்தம் அவள் வழியைத்தான் முதலில் அடைத்தது.

அரசியல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 பிப்ரவரியில் வாரிய உறுப்பினர்கள் மூன்று பேரை மக்கள் ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள். கொரோனாவில் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக் கிடந்தது, 44 பள்ளிகளின் பெயரை மாற்றக் கிளம்பியது, மதிப்பெண் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்த்துவந்த லோவல் உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கை முறையை மாற்றியது ஆகியவையே முக்கியக் காரணங்கள்; அல்ஜீப்ரா அந்தக் கோபத்தில் ஒரு பங்குதான். 2023-இல் பெற்றோர் சிலர் வழக்கே போட்டார்கள். 2024 பிப்ரவரியில் எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவர வாரியம் முடிவு செய்தது. அடுத்த மாதம் அதே கேள்வி வாக்குச் சீட்டில் வந்தது. மாவட்டத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத வாக்கெடுப்புதான். ஆனாலும் 80 சதவீதத்துக்கும் மேல் 'வேண்டும்' என்றார்கள்.

[திரையில்: மூன்று வகுப்பறைக் கதவுகள்]

திரும்பக் கொண்டுவருவது என்றால் எப்படி? மறுபடி பிரித்துவைப்பதா? மூன்று முறைகளைச் சில பள்ளிகளில் சோதித்துப் பார்க்க முடிவானது. ஒன்று, எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் அல்ஜீப்ரா. இரண்டு, தயாராக இருப்பவர்கள், விரும்புபவர்கள் மட்டும். மூன்று, வழக்கமான எட்டாம் வகுப்புக் கணக்கோடு கூடுதல் பாடமாக அல்ஜீப்ரா.

மூன்றாவது கேட்க அழகாக இருக்கிறது, அடித்தளமும் ஓட்டையாகாது. ஆனால் கால அட்டவணையில் அந்த ஒரு பீரியட் எங்கிருந்து வரும்? விருப்பப் பாடத்திலிருந்து. இசைக்குழுவில் டிரம்பெட் வாசிக்கும் பையன் அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவது கணக்கு வகுப்புக்குப் போக வேண்டும். இதுவும் ஒரு விலைதான், யாரும் சத்தமாகச் சொல்லாத விலை.

என் மனசு சாய்வது இரண்டாவது முறையின் ஒரு வடிவத்துக்கு. வட கரோலினாவும் டெக்சஸும் சட்டமாகவே கொண்டுவந்திருக்கும் முறை அது. மாநிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை யாரும் கேட்காமலே மேல் வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகலாம். ஆசிரியர் சிபாரிசும் வேண்டாம், பெற்றோர் அலையவும் வேண்டாம். டெக்சஸ் மாநிலம் 2023-இல் சட்டம் போடும் முன்பே டல்லஸ் நகரம் இதைச் செய்து பார்த்தது; எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவில் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் கணிசமாகக் கூடினார்கள். படிவம் நிரப்பத் தெரியாத வீட்டுப் பிள்ளையின் பெயரும் பட்டியலில் தானாக வந்துவிடுகிறது. சான் பிரான்சிஸ்கோ 2014-இல் தேடியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

[திரையில்: தொடக்கத்தில் பார்த்த ஐந்து கட்டங்கள், மறுபடி]

சோதனை 2024-25-இல் தொடங்கியது. அந்த வருடம் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா படித்த பிள்ளைகள் 2028-29-இல் பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பார்கள். அதற்கு முன்னால் நிறைய எண்கள் வெளியாகும், சண்டையும் நடக்கும். அந்த வருடம் ஊரின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் கால்குலஸ் வகுப்பின் வருகைப் பதிவேட்டைத் திறந்து, யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2014-இல் அந்த வாரியம் கேட்ட கேள்விக்கான பதில் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.