கச்சானும் காளானும் பற்றும் வெல்லம்

அவையோருக்கு வணக்கம்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விட்டுக் கச்சான் வாங்காமல் வீடு திரும்புவோர் குறைவு. காளானைப் பற்றிப் பேச வந்தவர் கச்சானில் தொடங்குகிறாரே என்று நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

காபோவைதரேட்டு என்றால் சோறு, மா, சக்தி என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் நம் உடற்கலங்களின் மேற்பரப்பிலும் வெல்லச் சங்கிலிகள் நிற்கின்றன. அவை அடையாள அட்டை மாதிரி. உங்கள் குருதி ஏ வகையா பி வகையா என்பது சங்கிலி நுனியில் இருக்கும் ஒரேயொரு வெல்லத்தைப் பொறுத்தது. அந்த அட்டையைப் பார்த்துப் பற்றும் புரதங்கள்தான் லெக்டின்கள். 'தேர்ந்தெடுத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து 1954இல் வில்லியம் பொய்ட் வைத்த பெயர் அது. நொதியம் போல இவை வெல்லத்தை வெட்டுவதில்லை, பிடித்துக்கொள்ளும்.

காளானுக்கு இது எதற்கு? சாணத்தில் முளைக்கும் கொப்ரினொப்சிஸ் சினேரியா என்ற காளான், குடை உருவாகும் பருவத்தில் ஒரு லெக்டினைச் செய்கிறது. அதை நூற்புழுவுக்கு ஊட்டினால், குடலில் உள்ள வெல்லத்தை அது பற்ற, புழு நலிந்து சாகிறது. அந்த வெல்லத்தைச் செய்யமுடியாத விகாரப் புழுக்கள் அதே லெக்டினைத் தின்றும் பிழைத்துக்கொள்கின்றன.

சரி, கச்சானுக்கு வருவோம். கச்சான் லெக்டினும் கடையில் வாங்கும் மொட்டுக்காளானின் லெக்டினும் பற்றுவது ஒரே இரட்டை வெல்லத்தை. வழமையான கலங்களில் அது வேறு வெல்லங்களால் மறைந்திருக்கும், பல புற்றுநோய்க் கலங்களில் வெளியே தெரியும். ஆய்வுகூடத்தில் பெருங்குடற் புற்றுக் கலங்களுக்குக் கச்சான் லெக்டினை விட்டால் பெருக்கம் கூடுகிறது. காளான் லெக்டினை விட்டால் அடங்குகிறது! பிடித்த இடம் ஒன்று, விளைவு நேரெதிர். எத்தனை தரம் படித்தாலும் எனக்கு வியப்புத் தீரவில்லை. காளான் லெக்டின் கலத்துக்குள் நுழைந்து, கருவுக்குள் புரதங்கள் போகும் வழியை மறிக்கிறது. கலம் சாவதில்லை. லெக்டினை அகற்றினால் மறுபடி பெருகத் தொடங்கும்.

இது தட்டில் வளர்த்த கலங்களில் கண்டது. தயவுசெய்து, நோயாளி வீட்டுக்குக் காளானோடு போய் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். கச்சானைக் கண்டு பயப்படவும் வேண்டாம்.

இப்போதே ஆய்வுகூடங்களில் வேலை செய்யும் காளான் லெக்டினும் உண்டு. செம்மஞ்சள் கிண்ணம் போலிருக்கும் அலூரியா அவுரான்ரியாவின் லெக்டின் பியூக்கோசு என்ற வெல்லத்தைப் பற்றும். ஒரு புரதத்தில் பியூக்கோசு இருக்கிறதா என்று பார்க்க அதைத்தான் எடுப்பார்கள்.

முன்வரிசையில் ஒரு பிள்ளை நெடுநேரமாகக் கை உயர்த்தியபடி இருக்கிறது. கேளுங்கோ பிள்ளை.